மதுரை அடுப்பில் தாஷி

விடிந்ததும் இட்லிக்குக் குடல் குழம்பு கேட்கும் ஊர் மதுரை. இடியாப்பத்துக்கு ஆட்டுக்கால் பாயா, தோசைக்கு முந்தின நாள் மீன் குழம்பு என்று காலையிலேயே நாக்குக்கு உறைப்பும் சாறும் கொடுத்துப் பழகிய ஊர். கறி வேண்டாம் என்பவர்களுக்குச் சாம்பாரும் நாலு வகைச் சட்னியும் இருக்கின்றன. ஜப்பானியர்கள் காலையில் ஒரு கிண்ணம் சோறு, மிசோ என்ற புளித்த சோயா விழுதைக் கரைத்த சூடான சாறு ஒரு கிண்ணம், சுட்ட மீன் ஒரு துண்டு, கொஞ்சம் ஊறுகாய் என்று உட்கார்ந்து சாப்பிடுவதைக் கேள்விப்பட்டால் மதுரைக்காரருக்கு அது அந்நியமாகப் படாது. ரொட்டியும் ஜாமும் வைத்த காலைத் தட்டைவிட இது நமக்கு நெருக்கம்.

இதை வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இணையக் கடைகளில் பொட்டலம் தேடுவதில் தொடங்குகிறார்கள். வந்து சேரும் பொட்டலத்தின் விலையைப் பார்த்ததும் ஆசை பாதியாகிவிடும். என் கருத்தில் மிசோ ஒன்றைத் தவிர வேறு எதையும் அங்கிருந்து தருவிக்க வேண்டியதில்லை. ஜப்பானியக் காலைச் சாப்பாட்டின் ருசிக்கு அடித்தளம் தாஷி என்ற சாறு. அந்தச் சாறு ஏன் ருசிக்கிறது என்ற வேதியியல் பிடிபட்டுவிட்டால், அதற்கான சரக்கு நெல்பேட்டைப் பக்கம் கருவாட்டுக் கடையிலும், மார்க்கெட்டில் தக்காளிக் கூடையிலும் இருப்பது தெரியும்.

நாக்கு அறியும் சுவைகள் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற நான்குதான் என்பது சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அறிவியல் போட்ட கணக்கு. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த கிகுனே இகேதாவுக்கு இந்தக் கணக்கு சரிப்படவில்லை. ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டின் ஆய்வகத்தில் படித்துவிட்டு வந்தவர் அவர். கோம்பு என்ற கடற்பாசியைப் போட்டுக் காய்ச்சிய சாற்றில் இந்த நான்கிலும் சேராத ஒரு ருசி இருப்பதாக உணர்ந்தார். தக்காளியிலும், பாலாடைக்கட்டியிலும், இறைச்சியிலும் அதே ருசி மங்கலாக இருப்பதையும் கவனித்திருந்தார். கிலோக்கணக்கில் கோம்புவை எடுத்து, காய்ச்சி, வடித்து, உப்புகளையும் பிசினையும் படிப்படியாக நீக்கினார். கடைசியில் கிராம் கணக்கில் படிகமாக மிஞ்சிய பொருள் குளுட்டாமிக் அமிலம். அது புதிய பொருள் அன்று. ஜெர்மானிய வேதியியலாளர் ரிட்ஹவுசன் 1866-லேயே கோதுமைப் புரதத்திலிருந்து அதைப் பிரித்திருந்தார். ஆனால் அதன் உப்புக்கு இப்படியொரு ருசி உண்டென்று சொன்ன முதல் ஆள் இகேதாதான். 1908-இல் அந்த ருசிக்கு உமாமி என்று பெயரிட்டார். மறு வருஷமே அது அஜினமோட்டோ என்ற வெள்ளைப் பொடியாகக் கடைக்கு வந்தது.

அந்தப் பெயரைக் கேட்டதும் நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள் என்பது தெரிந்ததே. 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரு வாசகர் கடிதத்திலிருந்து கிளம்பிய பயம் அது. சீன உணவகத்தில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது என்று ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 1987-இல் ஆய்வுகளை எல்லாம் பரிசீலித்து, தினசரி உச்சவரம்பு விதிக்கத் தேவையில்லாத பொருட்களில் அதைச் சேர்த்தது. பொடியில் உள்ள குளுட்டமேட்டும் தக்காளியில் உள்ள குளுட்டமேட்டும் ஒரே மூலக்கூறு. நாக்குக்கோ குடலுக்கோ இரண்டும் வேறு வேறாகத் தெரிய வழியில்லை. தாய்ப்பாலில் தனித்து மிதக்கும் அமினோ அமிலங்களில் அதிக அளவில் இருப்பதும் இதுவே. பொடியை வாங்கச் சொல்ல இதை எழுதவில்லை. உமாமி என்றால் ஏதோ தொழிற்சாலைச் சரக்கு என்ற எண்ணம் மாறினால் போதும்.

தனித்து மிதக்கும் என்று சொன்னதில்தான் சமையல் அறிவியலின் முக்கியமான இடம் இருக்கிறது. துவரம்பருப்பில் குளுட்டாமிக் அமிலம் ஏராளம். ஆனால் அது புரதச் சங்கிலிக்குள் கோக்கப்பட்டு இருக்கிறது. கோத்திருக்கும்வரை நாக்குக்கு அது தெரியாது. சங்கிலியை யாராவது அறுத்துவிட வேண்டும். பழுக்கும் தக்காளி தன் நொதிகளால் தானே அறுத்துக்கொள்கிறது. மிசோவில் ஒரு பூஞ்சை அறுக்கிறது. வேகவைத்த பருப்பு வெறுமனே சப்பென்று இருப்பதும், அதில் ரெண்டு நாட்டுத் தக்காளியைப் பிசைந்துவிட்டதும் குழம்பு எழுந்து நிற்பதும் இதனால்தான்.

இகேதா கண்டது கதையில் பாதி. ஜப்பானியத் தாஷியில் கோம்புவோடு கத்சுவோபுஷி என்ற உலர்மீனையும் சீவிப் போடுவார்கள். இகேதாவின் மாணவர் ஷின்தாரோ கோதாமா 1913-இல் அந்த மீனை ஆராய்ந்து, அதன் ருசிக்குக் காரணம் இனோசினேட் என்ற வேறொரு பொருள் என்றார். பல வருஷம் கழித்து, 1957-இல், யமாசா என்ற சோயா சாஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அகிரா குனினாகா இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். அப்போது வந்த விடை யாரும் எதிர்பார்க்காதது. குளுட்டமேட்டையும் இனோசினேட்டையும் கலந்தால் ருசி கூடவில்லை, பெருகியது. ஷிசுகோ யாமகுச்சி 1960-களில் இதை அளந்து சமன்பாடாகவே எழுதினார். சம அளவில் கலந்தால், அதே எடை குளுட்டமேட் மட்டும் தரும் ருசியைப் போல ஏழெட்டு மடங்கு.

ஏன் இப்படி என்பதற்கு விடை 2002-க்குப் பிறகுதான் கிடைத்தது. அந்த வருஷம் டி1ஆர்1, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்த ஏற்பி ஒன்றை சுவை மொட்டுகளில் அடையாளம் கண்டார்கள். 2008-இல் வெளியான ஆய்வு அதன் உள்வேலையைக் காட்டியது. அந்த ஏற்பியின் வெளிப்பகுதி திறந்து மூடும் இரண்டு மடல்களால் ஆனது. குளுட்டமேட் உள்ளே போய் உட்கார்ந்தால் மடல்கள் மூடும். மூளைக்குச் செய்தி போகும். ஆனால் குளுட்டமேட் அதிக நேரம் தங்காது, மடல்கள் திறந்துவிடும். இனோசினேட் மடல்களின் வாய்ப்பகுதியில் வந்து பற்றிக்கொண்டால் மூடியது மூடியபடி நிற்கிறது. குளுட்டமேட் கதவைச் சாத்துகிறது, இனோசினேட் நாதாங்கி போடுகிறது. செய்தி விடாமல் போய்க்கொண்டே இருப்பதால் நாக்கில் ருசி நீண்டு நிற்கிறது. மதுரைப் பாயாவுக்கும் இதே கணக்குதான்: ஆட்டிறைச்சி இனோசினேட் தருகிறது, அதில் வதங்கிய தக்காளி குளுட்டமேட் தருகிறது.

ஆகவே தாஷி வேண்டுமென்றால் நமக்குத் தேவை இரண்டு சரக்கு. இனோசினேட்டுக்கு ஒன்று, குளுட்டமேட்டுக்கு ஒன்று.

முதலாவது மாசி என்ற உலர்மீன். தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளில் இது நெடுங்காலமாகப் புழங்கும் சரக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புவரை மாசிச் சம்பல் இல்லாத வீடு குறைவு. மதுரையில் எல்லாரும் வாங்குவதில்லை என்றாலும் கேட்டால் கிடைக்கும். கையில் எடுத்துப் பாருங்கள். மேலே கருத்து, சுருங்கி, புகை ஏறியிருக்கும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் டக்கென்று சத்தம் வரும். உரலில் போட்டு ஓர் அடி கொடுத்தால் உள்ளே செம்பழுப்பாக, உடைந்த முகத்தில் கண்ணாடிப் பளபளப்போடு தெரியும். கருவாட்டு நாற்றம் இருக்காது. தேங்காய் மட்டை எரிந்த புகை வாசனையும் கறி வாசனையும் சேர்ந்து வரும்.

இதற்கான மீன் சூரை இனத்தில் வயிற்றில் நீள வரிகள் ஓடும் ஒன்று. அறிவியல் பெயர் கட்சுவோனஸ் பெலாமிஸ். ஜப்பானியர் கத்சுவோபுஷி செய்வதும் இதே மீனில்தான். இனம் மட்டுமல்லாமல் செய்முறையும் ஏறக்குறைய ஒன்று. லட்சத்தீவின் மினிக்காயிலும் மாலத்தீவிலும் மீனைத் தலை, குடல் நீக்கி நீளவாக்கில் அறுத்து, கடல்நீரில் அவித்து, புகை போட்டு, வெயிலில் காய வைக்கிறார்கள். ஜப்பானியர் அவித்து, பல நாட்கள் புகைபோட்டு, உயர்ந்த ரகத்துக்குப் பூஞ்சையும் ஏற்றிக் காய வைக்கிறார்கள். அவர்கள் அதை இழைப்புளியில் மெல்லிய சீவலாகச் சீவுகிறார்கள், நாம் இடித்துக்கொள்கிறோம்.

மாசியைப் பற்றி எழுதிவைத்தவர்களில் பயணி இபின் பதூதா முக்கியமானவர். 1343-44-இல் மாலத்தீவில் காஜியாக இருந்தபோது, அந்த மீனை அறுத்து, லேசாக அவித்து, பனையோலைக் கூடைகளில் வைத்துப் புகைபோட்டு, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் ஏற்றுவதைப் பார்த்து எழுதினார். அங்கிருந்து இலங்கை போய், கடலில் சிக்கி, சோழமண்டலக் கரையில் இறங்கி அவர் வந்து சேர்ந்த ஊர் மதுரை. அப்போது இங்கே சுல்தான்கள் ஆட்சி. ஊரில் கொள்ளைநோய் வேறு. காய்ச்சலில் விழுந்த அவர் புளியைக் கரைத்துக் குடித்துத் தேறியதாகத் தன் பயண நூலில் பதிந்திருக்கிறார். மாசி செய்யும் ஊரையும் மதுரையையும் ஒரே மூச்சில் பார்த்த பழைய சாட்சி அவர்.

அவிப்பது என்ற அந்த ஒரு படியில்தான் மாசியின் ருசி ரகசியம் இருக்கிறது. உயிரோடு நீந்தும் மீனின் தசையில் ஆற்றல் நாணயம் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. மீன் செத்ததும் தசையின் சொந்த நொதிகள் அதைப் படிப்படியாக உடைக்கின்றன. ஏ.டி.பி. ஏ.டி.பி.யாக நிற்கும்போது ருசி இல்லை. உடைந்து உடைந்து இனோசினேட் ஆகும் கட்டத்தில் ருசி உச்சத்துக்கு வருகிறது. அங்கே நின்றுவிட்டால் நல்லது. ஆனால் நொதிகள் நிற்பதில்லை. இனோசினேட் இனோசின் ஆகி, பிறகு ஹைப்போசாந்தீன் ஆகிறது. கடைசியில் வருவது கசக்கும். பழைய மீனில் நாக்கில் படும் கசப்பில் அதற்கும் பங்குண்டு. மீனை அவித்தால் நொதிகள் அடங்கிவிடும். இனோசினேட் அங்கேயே பூட்டப்படும். அதன் பிறகு எத்தனை நாள் காய வைத்தாலும் புகை போட்டாலும் ருசி இறங்காது.

நெத்திலிக் கருவாட்டோடு ஒப்பிட்டால் இது விளங்கும். ஜப்பானிய வீடுகளில் அன்றாடத் தாஷிக்குக் கத்சுவோபுஷியைவிட மலிவான நிபோஷியைப் போடுவார்கள். அதுவும் நம் நெத்திலிக் குடும்பத்துச் சின்ன மீன்தான். ஆனால் அவர்கள் அதை உப்புநீரில் ஒரு கொதி விட்டுத்தான் காய வைப்பார்கள். நாம் பிடித்த நெத்திலியை அப்படியே மணலிலோ பாயிலோ பரப்பி வெயிலில் போடுகிறோம். காய்ந்து முடியும்வரை நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். நெத்திலிக் கருவாட்டுக்குத் தனி மணமும் தனி மகிமையும் உண்டு, கத்தரிக்காயோடு அது சேரும்போது வேறெதுவும் ஈடில்லை. தெளிந்த சாறு காய்ச்ச மட்டும் மாசிதான் பொருத்தம். நம் கடற்கரையில் யாராவது நெத்திலியை அவித்துக் காயவைத்து விற்கத் தொடங்கினால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். சூரை இன மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் அவிப்பதற்கு முன் வெயிலில் கிடந்துவிட்டால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்டவுடன் முகம் சிவந்து, வாய் குறுகுறுத்து, தலைவலியோடு வரும் ஒவ்வாமை போன்ற உபாதைக்கு அதுவே காரணம். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது. கல்லென்று காய்ந்த, பிசுபிசுப்பு இல்லாத, மூக்கில் ஏறும் நெடி இல்லாத மாசியாகப் பார்த்து வாங்குங்கள். வாயில் வைத்ததும் நாக்கு சுருக்கென்றால் துப்பிவிடுங்கள்.

இரண்டாவது சரக்கு குளுட்டமேட். கோம்பு ஹொக்கைடோவின் குளிர்ந்த கடலில் வளர்வது; 100 கிராம் உலர்ந்த கோம்புவில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் குளுட்டமேட் இருக்கும். மதுரையிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டரில் மண்டபம் கடற்கரை. அங்கே பெண்கள் முங்கி எடுக்கும் பாசிகளில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகர் எடுக்கப் போகின்றன, கட்டக்கோரை அல்ஜினேட் எடுக்கப் போகிறது. மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரில் கோம்பு வளராது, இந்தப் பாசிகள் அதன் வேலையைச் செய்யவும் மாட்டா.

பரவாயில்லை, தக்காளி இருக்கிறது. நன்றாகப் பழுத்த தக்காளி 100 கிராமில் 150 முதல் 250 மில்லிகிராம் வரை குளுட்டமேட் உண்டு. காயாக இருக்கும்போது இதில் சின்னப் பங்குதான். சதையைவிட விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பான பகுதியில் அது கூடுதல் என்று அளந்திருக்கிறார்கள். விதையை வழித்து எறிந்துவிட்டுச் சமைக்கும் புது நாகரிகம் ருசியைத்தான் எறிகிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து வரும் தக்காளியில் தோல் கன்றிப்போனதாக இருந்தாலும் பழுத்ததாகப் பொறுக்கினால் சாற்றுக்கு அதுவே சிறப்பு. இதோடு, கடைசியில் கரைக்கப்போகும் மிசோவிலும் குளுட்டமேட் நிறைய இருக்கிறது. கோம்பு இல்லாத குறையை இவை இரண்டும் சேர்ந்து தீர்த்துவிடும். மீன் சாப்பிடாதவர்கள் உலர்ந்த ஷீட்டாகே காளானைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துக்கொள்ளலாம். அதில் இனோசினேட்டின் வேலையைச் செய்யும் குவானிலேட் இருக்கிறது. ஜப்பானிய புத்த மடங்களின் சைவச் சாறு அப்படித்தான் வருகிறது.

மிசோவை மட்டும் ஏன் கடையில் வாங்கச் சொல்கிறேன் என்றால், அது பூஞ்சையின் வேலை. அவித்த சோயாவோடு உப்பும் கோஜியும் கலந்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பது மிசோ. கோஜி என்பது அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சை படர்ந்த அரிசி. அந்தப் பூஞ்சை சுரக்கும் நொதிகள் சோயாப் புரதத்தை அறுத்து அமினோ அமிலங்களாக்குகின்றன, அரிசி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. நம் இட்லி மாவில் நடப்பது வேறு. அங்கே லூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் அமிலமும் வாயுவும் உண்டாக்கி மாவைப் பொங்க வைக்கின்றன; ஓரிரவில் புரதம் பெரிதாக உடைவதில்லை. அதனால் இட்லி புளிக்கிறது, உமாமிக்குச் சட்னியையும் சாம்பாரையும் நாடுகிறது.

கோஜிப் பூஞ்சைக்கு வேண்டிய சூடு மதுரையில் வருஷம் முழுக்க உண்டு. அதனாலேயே வீட்டில் முயலும் ஆசை சிலருக்கு வரும். பழைய சோற்றிலோ ரொட்டியிலோ தானாகப் பூத்த பூஞ்சையை வைத்து ஒருபோதும் செய்யாதீர்கள். அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேவின் மிக நெருங்கிய உறவு அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். நம் கடலையிலும் சோளத்திலும் படர்ந்து, ஈரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சுரப்பது அது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஜப்பானியர்கள் பல நூறு வருஷம் பழக்கி எடுத்த ஒரைசேயில் அந்த நஞ்சை உண்டாக்கும் மரபணுக்கள் செயலிழந்து கிடக்கின்றன. 2005-இல் அதன் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது. 2006-இல் ஜப்பானின் மதுவடிப்போர் அறிவியல் சங்கம் அதை நாட்டின் பூஞ்சை என்றே அறிவித்தது. காட்டுப்பூஞ்சைக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இனிச் சோறு. ஜப்பானியச் சோறு குச்சியில் எடுக்கும்படி ஒட்டும், நம் சோறு உதிரும். காரணம் மாவுச்சத்தின் வகை. நேர்கோடாக நீளும் அமைலோஸ் கூடினால் சோறு உதிரும். கிளைவிட்ட அமைலோபெக்டின் கூடினால் ஒட்டும். ஜப்பானிய ரகங்களில் அமைலோஸ் 20 சதவீதத்துக்குக் கீழ். நம் சாப்பாட்டு அரிசிகள் பெரும்பாலும் அதற்கு மேல். வாக்ஸி என்ற ஒரே மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதே இதற்குப் பெருங்காரணம். ஜப்பானிய நெல்லில் அந்த மாற்றத்தால் அமைலோஸ் கட்டும் நொதி குறைவாக உண்டாகிறது.

இங்கே ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. மதுரை வீடுகளில் அன்றாடம் வேகும் பொன்னியின் மூதாதையரில் ஒன்று ஜப்பானிய வகை நெல். தைவான் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தபோது, அவர்களின் நெல் வல்லுநர்கள் 1920-களில் உருவாக்கிய ரகம் தைச்சுங் 65. 1950-களில் உணவு வேளாண் அமைப்பின் உதவியோடு கட்டாக்கின் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் இந்திய வகை நெல்லையும் ஜப்பானிய வகை நெல்லையும் கலக்கும் பெரிய வேலையைத் தொடங்கியது. அதில் தைச்சுங் 65-ஐயும் மலேசியாவின் மாயாங் ஈபோஸையும் கலந்து வந்த வித்துகளிலிருந்து மலேசியாவில் தேர்ந்தெடுத்தது மசூரி, 1965-இல் வெளியானது. அது தமிழ்நாட்டுக்கு வந்து பொன்னி ஆயிற்று. அதிலிருந்து தேர்ந்த வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் பேர்பெற்ற ஆடுதுறை 27-உம் இதே முயற்சியின் பிள்ளை. நோரின் 10 என்ற ஜப்பானிய நெல் அதன் ஒரு பெற்றோர். கலந்தவர்கள் தேடியது உரத்தைத் தாங்கி நல்ல விளைச்சல் தரும் நெல்லை. ஒட்டும் குணம் நம் நாக்குக்கு வேண்டாததால் பொன்னியில் உதிரிக் குணமே நிலைத்தது.

ஒட்டும் சோறு வேண்டுமென்றால் அரிசியை மாற்றாமலே ஓரளவு நெருங்கலாம். புழுங்கலை விட்டுவிடுங்கள், நெல்லோடு அவித்த அரிசியில் மாவுச்சத்து ஒருமுறை வெந்து இறுகியிருக்கும், பசை வராது. தை மாதம் பொங்கலுக்கு வாங்கும் புதுப் பச்சரிசிதான் சரி. புது அரிசி குழையும், பழைய அரிசி உதிரும் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். மாதங்கள் செல்லச் செல்ல அரிசிப் புரதங்கள் தங்களுக்குள் கந்தகப் பிணைப்புகள் போட்டுக்கொண்டு மாவுத் துகள்களைச் சுற்றி இறுகுகின்றன, கொழுப்பு அமிலங்கள் அமைலோஸைப் பற்றிக்கொள்கின்றன. மாவு வெளியே கசிவது குறைகிறது. அடுத்தது, வடிக்காதீர்கள். கஞ்சியாக நாம் வடிப்பதில் போவது அந்த ஒட்டும் பசையே. ஒரு டம்ளர் அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் மூடிப்போட்டுச் சின்னத் தீயில் பொங்கி இறக்கி, பத்து நிமிஷம் மூடியே வையுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரையில் போர்த் தண்ணீர் பெரும்பாலும் கடினம். உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது என்பது இங்கே ஒவ்வொரு வீட்டு அனுபவம். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் பெக்டினைக் கெட்டிப்படுத்துவதே அதற்குக் காரணம். ஜப்பானின் நீர் பொதுவாக மென்மையானது; தாஷி அந்த நீரில் வளர்ந்த பண்டம். கடின நீரில் மீன் புரதத்தோடு கால்சியம் சேர்ந்து நுரை பொங்கும், சாறு கலங்கும். வைகைக் குழாய்த் தண்ணீரோ, குடிக்க வாங்கும் கேன் தண்ணீரோ எடுத்துக்கொண்டால் சாறு தெளியும்.

நாலு பேருக்கு 800 மில்லி தண்ணீர், 20 கிராம் மாசி, பழுத்த தக்காளி இரண்டு. மாசியை உரலில் கொரகொரப்பாக இடித்து, குளிர்ந்த தண்ணீரிலேயே அரை மணி நேரம் போட்டு வையுங்கள். கத்சுவோபுஷிச் சீவல் காகிதம்போல மெலிந்திருப்பதால் ஒரு நிமிஷத்தில் சாரத்தை விட்டுவிடும். இடித்த மாசித் துண்டின் உள்ளிருந்து இனோசினேட் வெளியே வர நேரம் பிடிக்கும். தக்காளியை விதையும் நீருமாகப் பிசைந்து அதிலேயே விட்டு அடுப்பை மூட்டுங்கள். ஓரத்தில் முத்து முத்தாகக் கொதி வரத் தொடங்கியதும் தீயைத் தணித்துப் பத்து நிமிஷம். தளதளவென்று கொதிக்கவிட்டால் மீனின் எண்ணெயும் புரதமும் கலந்து சாறு பால்போல வெளுத்து, நாற்றமும் ஏறும். துணியில் வடிகட்டும்போது பிழியாமல் தானாக இறங்க விடுங்கள். செம்பொன் நிறத்தில் தெளிவாக இறங்கும். ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தால் முதலில் தக்காளியின் லேசான புளிப்பு, பிறகு புகை, விழுங்கிய பிறகு நாக்கின் இரு ஓரத்திலும் எச்சில் ஊறும். அந்த ஊறலை வைத்தே சாறு கூடிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

வடித்த சாற்றைத் திரும்பச் சூடாக்கி, சதுரமாக நறுக்கிய சோயா பன்னீரையும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையையும் போட்டு, கீரை வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் மிசோவைக் கரைக்க வேண்டும். ஆளுக்கு 12 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி. மிசோவைக் கொதிக்க வைத்தால் அதன் வாசனை ஆவியாகப் போய்விடும். இந்த அளவில் ஒரு கிண்ணத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராம் உப்பு வரும். நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மிசோவைப் பாதியாக்கலாம். சாற்றில் உமாமி போதுமான அளவு இருந்தால் உப்பு குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது, இதைச் சோதித்தே கண்டிருக்கிறார்கள். வேறு உப்புச் சேர்க்கவே வேண்டாம்.

சுட்ட மீனுக்குச் சூரையோ நெத்திலியோ எது கிடைக்கிறதோ அது. ஊறுகாய்க்கு அவர்களின் உமேபோஷி தேட வேண்டாம், உப்பிட்டு வெயிலில் காய்ந்த நார்த்தங்காயில் ஒரு கீற்று போதும். சூடான சோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றுவது ஜப்பானில் வழக்கம். பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே கழுவி, சோதித்து, தேதியிட்டு முட்டை விற்கும் ஏற்பாடு அங்கே உண்டு. நம் கடை முட்டைக்கு அது கிடையாது, அவித்தே சாப்பிடுங்கள்.

துணியில் மிஞ்சும் மாசிச் சக்கையைக் கொட்டிவிடாதீர்கள். தண்ணீரில் கரையும் இனோசினேட் பெரும்பகுதி சாற்றுக்குப் போயிருக்கும், ஆனால் புரதம் அப்படியே இருக்கிறது. வாணலியில் ஈரம் போகப் புரட்டி, வறுத்த மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், தேங்காய்த் துருவல், கொஞ்சம் புளி சேர்த்து அம்மியில் ஓட்டி எடுத்தால் மறுநாள் இட்லிக்குத் துவையல் ஆகும். குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும்.